பெயர்கள் நம்முடையவை, விதிகள் யாருடையவை?
‘சிவிலைசேஷன் 7’ஐத் திண்டுக்கல்லில் ஆடிப்பார்த்த குறிப்புகள்

1

‘மாமா, சோழர் வந்துட்டாங்க. சும்மா வந்து பாருங்களேன்’ என்று அக்கா மகன் கூப்பிட்டான். நாகல் நகரில் அவர்கள் வீட்டு மாடியில் கணினி இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை. கணினி விளையாட்டை இதுவரை எட்ட நின்று பார்த்திருக்கிறேனே தவிர ஆடியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தவன் தொடர்ந்து நாலைந்து ஞாயிறுகள் உட்கார்ந்தேன். விளையாட்டின் பெயர் ‘சிவிலைசேஷன் 7’. ஃபிராக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கி, 2025 பிப்ரவரி 11 அன்று வெளியான ஏழாம் பாகம் இது. இவை முதல் பார்வையில் எழுந்த குறிப்புகள்தாம். முதல் வெளியீட்டில் இருந்த அடிப்படை அமைப்பைப் பற்றியே பேசுகிறேன். பின்னால் வந்த திருத்தங்கள் சிலவற்றை மாற்றியிருக்கின்றன.

ஒரு யுகம் முடிந்து அடுத்த யுகம் தொடங்கும் இடத்தில் திரை நின்றிருந்தது. இனி எந்த நாகரிகமாக ஆட வேண்டும் என்று கேட்கும் பட்டியல். ஸ்பெயின், மிங், மங்கோலியா, இன்கா, மஜபாகித்... அந்த வரிசையில் சோழர். உடம்பு சிலிர்த்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிலிர்த்தது. சோழப் பெருமிதத்தை இருபது வருஷமாகக் கிண்டல் செய்து வந்தவனுக்கே இப்படி என்றால் பதினெட்டு வயதுப் பையனைச் சொல்வானேன்!

தெருவில் போகிறவனைப் பின்னாலிருந்து யாரோ ‘ஏய், நீதான்’ என்று கூப்பிடுகிறார்கள், அவன் திரும்புகிறான், திரும்பிய அந்தக் கணத்தில் கூப்பிட்டவரின் ஒழுங்குக்குள் ஒரு தன்னிலையாக ஆகிவிடுகிறான். கருத்தியல் வேலை செய்யும் விதத்தை விளக்க அல்தூஸர் 1970இல் சொன்ன உதாரணம் இது. மாடியறையில் எனக்கு நேர்ந்ததும் இதுவே. ‘சோழர்’ என்று கூப்பிட்டார்கள், திரும்பினேன். எந்த நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டேன் என்பது மெதுவாகத்தான் தெரிந்தது.

சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டில் நம்மைப் பற்றிய பெயர்கள் இருக்கின்றன; பலவும் அக்கறையோடு தேடி எடுக்கப்பட்டவை. ஆனால் ஒரு விளையாட்டு தன் கருத்தைப் பெயர்களில் சொல்வதில்லை, விதிகளில் சொல்கிறது. எது எதாக மாறலாம், எதற்குப் புள்ளி உண்டு, எது ஜெயிக்கவே முடியாது என்பவற்றில்தான் அதன் வாதம் இருக்கிறது. இயன் போகோஸ்ட் 2007இல் எழுதிய நூல், விளையாட்டுகள் விதிகளின் வழியாகவே வாதாடுகின்றன என்று இதை விரிவாகப் பேசுகிறது. நாமோ பெயர்களை எண்ணிப் பார்த்துத் திருப்திப்பட்டு எழுந்து வந்துவிடுகிறோம்.

2

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் 1991இல் வடிவமைத்த முதல் ‘சிவிலைசேஷன்’ கி.மு. 4000இல் தொடங்கும். இருண்ட வரைபடம், கையில் ஒரு குடியேற்றக் கூட்டம். ஊர் அமைக்க வேண்டும், சுற்றிலும் இருட்டை விலக்க வேண்டும், எழுத்து, சக்கரம், வெடிமருந்து என ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டும், அண்டை நாட்டானோடு பேசவோ அடிக்கவோ வேண்டும். இவ்வகை விளையாட்டுகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே நான்கு வினைகளின் சுருக்கம்: ஆராய்தல், விரிதல், சுரண்டுதல், அழித்தல். யாரும் எதையும் மறைக்கவில்லை.

முறை வைத்து ஆடுவது. உங்கள் காய்களை நகர்த்தி முடித்ததும் மற்றவர்கள் நகர்த்துவார்கள். ‘இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரே ஒரு சுற்று’ என்று விடிந்துவிடும். இந்த வரிசைக்கு உலகம் முழுக்க இருக்கும் புகழும் பழியும் அதுவே. நானும் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை.

முதல் பாகத்திலிருந்து இந்தியாவின் தலைவர் காந்தி. அவர் கையில் அணுகுண்டைக் கொடுத்து அவரைப் போர்வெறியராக்கியது நிரலில் நேர்ந்த பிழை என்று ஒரு கதை வெகுகாலம் உலவியது. அப்படியொரு பிழை இருந்ததே இல்லை என்று 2020இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் மையர் எழுதிவிட்டார். ஏழாம் பாகம் வெளியானபோது காந்தி இல்லை, அசோகர் இருந்தார்.

தொடர் பாகம் என்ற வடிவத்தையும் யோசிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பழையதாகவே இருக்கட்டும், ஒரு பங்கு செப்பனிடப்படட்டும், ஒரு பங்கு முற்றிலும் புதிதாக இருக்கட்டும் என்பது இவர்கள் கடைப்பிடிப்பதாகச் சொல்லும் கணக்கு. நமக்கு இது அந்நியமல்ல. கூத்தில் பதினெட்டாம் போர் வருஷா வருஷம் வருகிறது. துரியோதனன் வருஷா வருஷம் சாகிறான். கட்டியங்காரன் பேச்சில் மட்டும் அந்த வருஷத்துச் சங்கதி ஏறுகிறது. கதை மாறாது என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் ஏமாற்றம் இல்லை. கணினி விளையாட்டின் தொடர் பாகத்திலோ எல்லாமே புதிது என்று விளம்பரம் சொல்கிறது. மாறாமல் இருக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கு எது என்று யாரும் கேட்பதில்லை. என் கேள்வி அதைப் பற்றியது.

ஏழாம் பாகத்தின் புதிய மூன்றில் ஒரு பங்கு இது: ஆட்டம் மூன்று யுகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தொல்பழங்காலம், கடலாய்வுக் காலம், நவீன காலம். முதல் இரண்டு யுகங்களின் முடிவிலும் கொள்ளைநோய், கலகம் என ஏதாவது ஒரு நெருக்கடி வரும். அதைத் தாண்டியதும் உங்கள் நாகரிகம் கலைந்து நீங்கள் வேறொரு நாகரிகம் ஆகிவிடுவீர்கள். தலைவர் மட்டும் அவரேதான், சாகாவரம் பெற்றவர். வரலாறு அடுக்கடுக்காகக் கட்டப்படுவது என்பது வடிவமைத்தவர்கள் சொன்ன காரணம். நல்ல காரணம்தான். ஒரு தேசம் ஆதியிலிருந்து அந்தம்வரை ஒரே தேசமாக இருந்தது என்ற பழைய பாகங்களின் பொய்யைவிட இது மேல். ஆனால் எந்த அடுக்கின் மேல் எந்த அடுக்கு?

3

இந்தியாவுக்கான பாதை மௌரியர், சோழர், முகலாயர். மௌரியராகத் தொடங்கினால் அடுத்த யுகத்தில் சோழராவதுதான் வரலாற்று வழி என்று விளையாட்டு பரிந்துரைக்கிறது. ஆட்டத்தினிடையே சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் வேறு நாகரிகத்திலிருந்தும் சோழராகலாம். நான் ஆடியதில் அசோகர் பாடலிபுத்திரத்தில் தொடங்கினார். யுகம் மாறியது. அசோகரே சோழ வேந்தரானார். பையனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டும் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டும் சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. எங்கே வைத்து? தன் ஆட்சிக்கு வெளியே, எல்லைக்கு அப்பால் உள்ளவர்களாக. அதாவது மௌரியருக்குப் பிறகு வந்தவர்கள் அல்லர் சோழர். மௌரியரின் சமகாலத்து அயலார். அசோகரே கல்லில் வெட்டி வைத்த இந்தச் செய்தியை, அசோகரையே தலைவராக வைத்து ஆடும் விளையாட்டு அழித்து எழுதுகிறது. பக்கத்தில் பக்கமாக இருந்தது ஒன்றன்பின் ஒன்றாக ஆக்கப்படுகிறது. வெளியும் காலமும் இடம் மாறுகின்றன. எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் ஒரு நூலில் கோத்த நடுமணி ஆகிவிடுகிறார்கள். நூலின் இரண்டு முனைகளும் கங்கைச் சமவெளியில்.

‘அப்ப பழைய காலத்துல நம்ம பக்கம் ஒண்ணுமே இல்லையா மாமா?’ என்றான். அவன் கேட்டது நியாயம். விளையாட்டின் முதல் யுகத்தில் தமிழகத்திலிருந்து நாகரிகம் எதுவும் இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தஞ்சாவூர்வரை போக வேண்டியதில்லை. இதே மாவட்டத்தில், பழனி மலையடிவாரத்தில் பொருந்தல் இருக்கிறது. கா. ராஜன் குழுவினர் அங்கே அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில், நான்கு கால் வைத்த சாடிக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த தாங்கி ஒன்றும் அதே குழியில் இருந்தது. அசோகருக்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக முந்தைய நெல். தமிழ் பிராமியின் காலம் பற்றி அறிஞர்களிடையே வழக்கு இருக்கிறது, இருக்கட்டும். என் அக்கறை எது மூத்தது என்பதில் அல்ல. நெல்லை விதைத்து, மணி கோத்து, செத்தவரோடு சாடியில் நெல்லைப் புதைத்தவர்கள் விளையாட்டின் கணக்கில் நாகரிகம் அல்லர். ஏன்? பேரரசு இல்லை. தலைநகர் இல்லை.

மூன்று யுகம் என்றதும் நமக்குப் பழைய ஞாபகம் வர வேண்டும். ஜேம்ஸ் மில் 1817இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலில் இந்தியாவை இந்துக் காலம், முகமதியக் காலம், பிரிட்டிஷ் காலம் என மூன்றாக வெட்டினார். இந்தியாவுக்கு வராமலே எழுதியவர் அவர். அந்த வெட்டு நம் பள்ளிப் பாடநூல்களில் வெகுகாலம் ஆறாத காயமாகக் கிடந்தது. விளையாட்டு மில்லைப் பின்பற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் இடத்தில் அது முகலாயரை வைத்திருக்கிறது, அதை மதவாதிகள் யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் நீராவியும் தண்டவாளமும் ஆலைகளும் வரும் யுகத்தில் அவர்களை வைத்திருப்பதைப் பாருங்கள். 1853இல் பம்பாயிலிருந்து தானாவுக்கு முதல் பயணி ரயில் ஓடியபோது முகலாய மன்னர் டில்லிக் கோட்டைக்குள் கம்பெனியின் ஓய்வூதியத்தில் இருந்தார். ரயில் விட்டவன் யார் என்ற கேள்வி இந்தப் பாதையில் எழவே இடமில்லை. விளையாட்டு வெளியான அன்று பிரிட்டன் அதில் இல்லை. மார்ச் மாதம் தனியாக விற்கப்பட்ட இணைப்பில் வந்தது. ஒரு காலத்தில் அழைக்காமலே வந்தவர்களை இப்போது காசு கொடுத்து அழைக்க வேண்டியிருக்கிறது என்று பையன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

4

பெயர்களுக்கு வருவோம். சும்மா சொல்லக்கூடாது, நம் சினிமா காட்டும் சோழரைவிட இந்த விளையாட்டின் சோழர் சுவாரசியமானவர். வாளைச் சுழற்றிக்கொண்டு வருவதில்லை. வணிகமும் தூதும் இவர்களின் பலம். தனிச் சிறப்பான கப்பலுக்குக் கலம் என்று பெயர். வணிகருக்கு ஒற்று என்று பெயர். தனிச் சிறப்பான கட்டடங்கள் இரண்டு: அஞ்சுவண்ணம், மணிக்கிராமம். இரண்டையும் ஒரே கட்டத்தில் கட்டினால் அது ‘ஐந்நூறு பிரபுக்கள்’ என்ற வணிகப் பகுதியாகிறது. அதிசயமாகத் தஞ்சைப் பெரிய கோவிலும் உண்டு. கடாரம் கொண்டவனின் குதிரையைவிட வணிகக் குழுக்களின் பெயர்களை ஒருவர் தேடி எடுத்திருக்கிறார் என்பது மரியாதைக்குரியது.

ஆனால் பெயர் பயணம் செய்யும்போது என்ன ஆகிறது? எல்லாம் ரோமன் எழுத்தில் வருகின்றன. விளையாட்டுக்குத் தமிழ் இடைமுகம் இல்லை. அந்த எழுத்தில் கலம், களம், காலம் மூன்றும் ஒன்றே. பையன் ‘கலாம்’ என்று படித்து, ‘அப்துல் கலாம் பேரையா வெச்சிருக்காங்க?’ என்றான். கலம் என்றால் கப்பல், நெல் அளக்கிற கலமும் அதுதான், சாப்பிடுகிற கலமும் அதுதான் என்றேன். ‘ஒற்று’ அவனுக்குத் தெரிந்திருந்தது. தமிழ்ப் பரீட்சையில் ஒற்றுப்பிழைக்கு மார்க் போனவன் அவன். திருக்குறளின் ஐம்பத்தொன்பதாம் அதிகாரம் ஒற்றாடல். ஒற்று என்றால் வேவு பார்ப்பவன். விளையாட்டிலோ வணிகன். விரைவாக நடக்கிறான், தூரம்வரை பார்க்கிறான். வணிகன் வேவு பார்த்ததும் வேவுகாரன் வணிக வேடம் போட்டதும் உண்டுதான். ஆனாலும் சரக்கு ஏற்றிக்கொண்டு போகிற செட்டியாரை ஒற்றன் என்றழைத்தால் எந்த ஊரிலும் அடிதான் விழும்.

மணிக்கிராமத்தைப் பையன் கிராமம் என்று நினைத்தான். விளையாட்டு கட்டடம் என்று நினைக்கிறது. இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். வணிகர் கூட்டம் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது மணிக்கிராமம். அது இடமன்று, ஆட்கள். அஞ்சுவண்ணம் மேற்காசியாவிலிருந்து வந்து மேலைக் கடற்கரையில் தங்கிய யூதர், கிறித்தவர், முஸ்லிம் முதலான வணிகர்களின் அமைப்பு. கொல்லத்தில் 849ஆம் ஆண்டில் எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் இரண்டு பெயர்களும் சேர்ந்தே வருகின்றன. மணிக்கிராமத்தின் பெயர் தாய்லாந்தின் தகுவாபாவில் தமிழ்க் கல்வெட்டில், ஒரு குளத்தைக் காக்கும் பொறுப்போடு வருகிறது. ஐந்நூற்றுவரின் பெயர் சுமத்ராவின் பாரூஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் வருகிறது. கொல்லத்துக்கும் தகுவாபாவுக்கும் பாரூஸுக்கும் நடுவே எந்த ஒரு அரசனுடைய எல்லையும் நீண்டு கிடக்கவில்லை. அவர்கள் அரசர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள், அரசர்கள் மாறியபோதும் இருந்தார்கள். விளையாட்டில் இவர்களை நான் கட்டுகிறேன். என் நகரத்துக் கட்டத்தில், என் உத்தரவின் பேரில், என் கஜானாவுக்காக. அரசனுக்கு வெளியே நின்றதுதான் அவர்களின் வரலாற்றுச் சிறப்பு. அது விதியில் இல்லை.

கடல் விஷயமும் அப்படியே. முதல் யுகத்தில் ஆழ்கடலைக் கடக்க முடியாது. அப்பால் உள்ளது ‘தொலை நிலம்’, இரண்டாம் யுகத்தில்தான் அது திறக்கும். அங்கே குடியேறி, அங்குள்ள பண்டங்களைச் சேர்த்து, செல்வக் கப்பல் அணிகளாகத் தாயகத்துக்கு அனுப்பினால் பொருளாதாரப் புள்ளி. அந்தப் பண்டங்களில் ஒன்று நறுமணப் பொருள். யோசித்துப் பாருங்கள்: மிளகைத் தேடிச் சோழன் கடல் கடக்கிறான்! இங்கே ஜன்னல் வழியே தெரிகிற சிறுமலையில் மிளகுக்கொடி படர்ந்திருக்கிறது. மிளகைத் தேடிக் கடல் கடந்தவன் போர்த்துக்கீசியன். வெள்ளியைக் கப்பல் அணியாகக் கொண்டுபோனவன் ஸ்பானியன். அந்த உடையைச் சோழனுக்குப் போட்டிருக்கிறார்கள், அளவு எடுக்காமல். ஸ்ரீவிஜயத்தின் மீது 1025இல் ராஜேந்திரன் படை போனது உண்மை. ஆனால் அது யாரும் அறியாத நிலத்தைக் கண்டுபிடித்ததல்ல. அதற்கு முன்பே அந்நாட்டு அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பியிருந்தான். அதற்குச் சோழன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தி லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. அது பழக்கப்பட்டவர்களுக்குள் நடந்த சண்டை. யாருக்குத் தொலைவு, யாருக்குத் தொலை நிலம் என்று கேட்டால் இந்த யுகத்தின் பெயரே ஆட்டம் காணும்.

5

ஊரின் பெயரை மாற்றும் வசதி வெளியீட்டுக்குச் சில வாரங்கள் கழித்துத் திருத்தமாக வந்தது. உள்நாட்டில், மலையடிவாரத்தில், ஆற்றங்கரை இல்லாத ஒரு குடியிருப்புக்குத் திண்டுக்கல் என்று பெயர் வைத்தேன். இங்கேதான் விளையாட்டு எனக்கு நன்றாகப் புரிந்தது.

தலைநகரைத் தவிர நாம் அமைக்கும் புதுக் குடியிருப்பு எதுவும் இதில் நகரமாகத் தொடங்குவதில்லை, டவுனாகத்தான் தொடங்கும். டவுன் தானாக எதையும் உற்பத்தி செய்யாது. அங்கே நடக்கும் உழைப்பு முழுவதும் பொன்னாக மாறிக் கஜானாவுக்குப் போகும். வேளாண் டவுன், சுரங்க டவுன் என்று ஒரு வேலையை ஒதுக்கிவிட்டால் அதற்குப் பிறகு வளர்வது நின்று, விளையும் உணவெல்லாம் நகரங்களுக்குப் போகும். பொன் கொடுத்து நகரமாக உயர்த்தலாம். ஆனால் யுகம் மாறும்போது தலைநகரைத் தவிர மற்றவை பொதுவாக மறுபடி டவுனாகிவிடும்.

இதைக் கற்பனை என்று சொல்ல முடியாது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி கேரளத்துக்குப் போகிறது, நிலக்கோட்டைப் பூ விமானம் ஏறுகிறது. திண்டுக்கல் 2014இல் மாநகராட்சியான பிறகும் ‘டவுனுக்குப் போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்கிறோம். விதி உண்மையைத் தொடுகிறது. ஆனால் விதி அதை நியாயமாகவும் ஆக்குகிறது. நகரத்துக்காக டவுன் வளராமல் நிற்பது ஆட்டத்தில் சாமர்த்தியம். திண்டுக்கல்லை வேளாண் டவுனாக்கியதும் என் தலைநகரின் எண்ணிக்கை ஏறியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் ஊரை நிறுத்தி வைத்த சந்தோஷம்! இந்த விளையாட்டுகளைத் திறமையாக ஆடுவதென்றால் அவற்றின் நிரலை மனத்துக்குள் ஏற்றுக்கொள்வதே என்று அலெக்ஸாண்டர் காலோவே 2006இல் எழுதியதை அன்றைக்கு உடம்பால் உணர்ந்தேன்.

டவுனைச் சுற்றியுள்ள அறுகோணக் கட்டங்களில் வயல் இருக்கிறது, சுரங்கம் இருக்கிறது, மக்கள் எண்ணாக இருக்கிறார்கள். எல்லாரும் எங்கும் வேலை செய்யலாம். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் வரி விலக்கான நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு என்று தனித்தனியாக எண்ணிச் சொல்கிறார்கள். தீண்டாச்சேரி என்ற சொல்லும் அங்கே இருக்கிறது. சோழனின் எழுத்தர் மறைக்காமல் எழுதியதைச் சோழனைப் பெருமைப்படுத்தும் விளையாட்டு எழுதவில்லை. பெரிய கோவில் உண்டு, சேரி இல்லை. கம்மாணச்சேரி என்றதும் இந்த ஊர்ப் பூட்டுப் பட்டறைகள் நினைவுக்கு வருகின்றன. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும், மலிவான அலிகார் பூட்டோடு போட்டி போட முடியாமல் கைகள் குறைந்துகொண்டே வரும் பட்டறைகள். எந்த யுகத்தின் எந்த விதியிலும் அந்தக் கைகளுக்குத் தனிப் பெயர் இல்லை.

சோழ அரசு எப்படிப்பட்டது என்பதிலேயே வழக்கு உண்டு. நீலகண்ட சாஸ்திரி 1930களில் எழுதிய ‘சோழர்’ ஒரு வலுவான மைய அரசைக் காட்டியது. பர்ட்டன் ஸ்டைன் 1980இல் அதை மறுத்து, நாடுகள் என்ற உழவர் வட்டாரங்களே அடிப்படை, மன்னனின் நேரடி அதிகாரம் காவிரிக்கரையைத் தாண்டச் சடங்களவில்தான் என்றார். கராஷிமா இருவரையும் கல்வெட்டுக் கணக்குகளால் சோதித்தார். விளையாட்டோ சாஸ்திரியைவிடவும் தீவிரமான மையவாதி. ஒவ்வொரு கட்டமும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஊரும் சொன்னபடி கேட்கும். எந்தச் சோழனுக்கும் வாய்க்காத கண் அது. அது செயற்கைக்கோளின் கண். மாறாத மூன்றில் ஒரு பங்கு எது என்று முன்பு கேட்டேனே, அது இந்தக் கண்தான்.

நாகரிகமாக இல்லாதவர்களுக்கும் விளையாட்டில் ஓரிடம் உண்டு. வரைபடத்தில் அங்கங்கே சிறு சுதந்திரக் குழுக்கள் இருக்கும். செல்வாக்கைச் செலவழித்து அவர்களை நட்பாக்கலாம், பிறகு நம்மோடு சேர்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் படை அனுப்பிக் கலைத்துவிடலாம். அவர்களாக நாம் ஆட முடியாது. அவர்கள் ஜெயிக்கும் விதி எழுதப்படவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிரே தெரியும் மலைக்கோட்டை மதுரை நாயக்கர் காலத்தில் எழுந்தது. 1755இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்து, பிரெஞ்சுக்காரர் உதவியோடு ஆயுதச் சாலை வைத்தார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கம்பெனி கைக்குப் போனது. இத்தனை கொடிகளும் மேலே மாறியபோது கீழே சமவெளியில் இருந்தவை பாளையங்கள். சிவகங்கையை இழந்த வேலு நாச்சியார் தஞ்சம் புகுந்தது விருப்பாட்சியில். அந்த விருப்பாட்சியின் கோபால நாயக்கர் பல பாளையங்களைச் சேர்த்துக் கம்பெனிக்கு எதிராகக் கூட்டணி கட்டி, 1801இல் தூக்கிலிடப்பட்டார். விளையாட்டின் அகராதியில் விருப்பாட்சி ஒரு சுதந்திரக் குழு. கலைக்கப்பட்டது. அவ்வளவுதான்.

6

‘அப்ப ஆடவே கூடாதுங்கிறீங்களா?’ என்று பையன் கோபமாகக் கேட்டான். அவன் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. ஆடக்கூடாது என்று சொல்ல நான் யார், சாப்பாட்டை மறந்து ஆடியவன்? பெயர்களைத் தேடி எடுத்த அந்த முகம் தெரியாத ஆய்வாளருக்கு என் நன்றியும் உண்டு. அஞ்சுவண்ணம் என்ற சொல்லை என் அக்கா மகன் பள்ளியில் கேட்டதில்லை, விளையாட்டில்தான் கேட்டான். கேட்டதனால்தான் தரிசாப்பள்ளி பற்றிப் பேச எனக்கு வாய் கிடைத்தது.

ஆனால் ஒன்று சொன்னேன். மண்டபத் தரைகளில் கோடு செதுக்கி நம்மவர்கள் ஆடிய ஆடுபுலி ஆட்டம் இருக்கிறதே, அதில் மூன்று புலி, பதினைந்து ஆடு. இரு தரப்பும் சமமாகத் தொடங்குவதில்லை. ஒரே விதியும் இல்லை. புலி தாண்டிக் குதித்து வெட்டலாம், ஆடு வெட்ட முடியாது. ஆடு ஜெயிக்கும் வழி வேறு: ஒன்றோடொன்று நெருங்கி நின்று புலி நகர இடமில்லாமல் செய்வது. ஆடு கடைசிவரை புலியாவதில்லை. ‘சிவிலைசேஷன்’ எல்லாரையும் ஏறக்குறைய சமமாகத் தொடங்க வைத்து, எல்லாரும் புலியாகத்தான் ஜெயிக்க முடியும் என்கிறது. நீயும் பேரரசாகலாம், உன் பெயரிலேயே ஆகலாம் என்பதுதான் அதன் அழைப்பு. நான் சிலிர்த்துத் திரும்பியது அந்த அழைப்புக்கு. விருப்பாட்சி ஆடியது மற்ற ஆட்டம். அது தோற்றது, ஆனால் தோற்றது என்று சொல்வதற்கே அது ஒரு தரப்பாக ஆட்டத்தில் இருந்திருக்க வேண்டுமல்லவா?

சோழரை அதில் சேர்த்துவிட்டார்கள், பாண்டியரை எப்போது சேர்ப்பார்கள் என்பது பெயர்களைப் பற்றிய கேள்வி. மதுரைப் பக்கம் அதைக் கேட்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். டவுனாகவே இருந்து, பாளையமாகவே இருந்து, பட்டறையாகவே இருந்து ஜெயிக்க ஒரு விதி எழுத முடியுமா என்பது இன்னொரு கேள்வி. பையன் கணினி அறிவியல் படிக்கிறான். இரண்டாவது கேள்வியை அவனிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ‘பாப்போம் மாமா’ என்றான். நான் படியிறங்கும்போது மேலே அடுத்த சுற்று தொடங்கிவிட்ட சத்தம் கேட்டது.